ஒருக்காத்தான் பாவிச்சது

காணொளி பார்த்தே தச்சனாகிவிட்ட அன்ரன், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் மங்கையற்கரசி வீட்டு நிலவறையில் நின்ற மரம் அறுக்கும் மின்வாளைச் சுற்றிச்சுற்றி வந்தான்.

“கனகாலம் பாவிச்சதோ, அக்கா?”

“இவர் ஒருக்காத்தான் பாவிச்சவர். நாளைக்கு வீட்டை வாறார். அதுக்கு முந்திக் கொண்டுபோங்கோ.”

புருஷனுக்குத் தெரியாமல் விற்கிறாள்! அடிமாட்டு விலைக்கு அமுக்கிவிடலாம் என்று அன்ரனுக்கு உள்ளூரக் குஷி.

“வாளுக்கு மேல பாதுகாப்பு மறைப்பைக் காணேல்லையே?”

“இவர்தான் கழட்டினவர்.”

“தொழில் தெரிஞ்ச மனுசன்! மறைப்பெல்லாம் பயந்தாங்கொள்ளியளுக்கு. நானெண்டாலும் கழட்டித்தான் அறுப்பன்.”

“இவரும் உப்பிடித்தான் சொன்னவர்.” மங்கையற்கரசி மூலையிலிருந்த மிருதங்கத்தைத் தூக்கி வந்தாள். “இதையும் கொண்டுபோங்கோ தம்பி. ஆஸ்பத்திரியால வந்து பார்த்தால் தாங்கமாட்டார். இனி வாசிக்க அவருக்கு விரல் இல்லை.”

வாளைத் தடவிக்கொண்டிருந்த அன்ரனின் கை, கால்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.