வெட்டுக்கிளிக்கு ஒரு சேணம்

குதிரைச் சேணம் தைக்கத் தெரிந்த சுண்டெலி ஒன்று இருந்தது. ஒரு கருவேல முள்ளும் தன் பற்களும்தான் அதன் கருவிகள். என்ன, குதிரைகள்தான் அதைத் தேடி வரவில்லை.

ஒருநாள் வெட்டுக்கிளி வந்தது. "அண்ணே, எனக்குக் குதிரை முகமாம், எல்லாரும் சொல்றாங்க. ஒரு சேணம் தச்சுக் குடுங்க."

சுண்டெலிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கிழிந்த செருப்பின் தோலைப் பல்லால் சீவி, முள்ளால் துளையிட்டு, வாழைநாரால் மூன்று நாள் தைத்தது. நகத்தளவு சேணம். அதை வெட்டுக்கிளியின் முதுகில் வைத்து வாரை இறுக்கியது.

"இறக்கையை விரிக்க முடியலையே அண்ணே?"

"குதிரைக்கு எதுக்குத் தம்பி இறக்கை?"

அதுவும் சரிதான் என்று வெட்டுக்கிளி மிடுக்காக நடந்தது. பத்தடி போவதற்குள் ஓர் ஓணான் பாய்ந்தது. வெட்டுக்கிளியால் பறக்க முடியவில்லை. சுண்டெலி பதறி ஓடி, வாரைக் கடித்து அறுத்தது. வெட்டுக்கிளி விருட்டென்று மரத்துக்குப் பறந்துவிட்டது. ஓணானின் வாயில் சேணம்தான் சிக்கியது. மென்று பார்த்துத் துப்பிவிட்டுப் போனது.

மரத்திலிருந்து நடுங்கும் குரல் கேட்டது. "அண்ணே, என்னைக் குதிரைன்னு நினைச்சுத்தானே துரத்துச்சு?"

சுண்டெலி அதைக் காதில் வாங்கவேயில்லை. எச்சில் வழியும் சேணத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அந்தக் கடி கடிச்சும் ஒரு தையல்கூடப் பிரியலை தம்பி!" என்று பூரித்துப்போனது.