கழற்றிய கண்ணாடி

வகுப்பில் ஏதாவது காணாமல் போனால் ரெஜினா டீச்சர் திட்டமாட்டார், அடிக்கவும் மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எங்களை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். "யாருன்னு எனக்குத் தெரியும். அவளா எந்திரிச்சா நல்லது" என்பார். அந்தப் பார்வை என்மேல் வந்து நிற்கும்போது செய்யாததைக்கூடச் செய்ததாகத் தோன்றும். ஒருமுறை, நான் தொட்டுக்கூடப் பார்க்காத பேனாவுக்காக எழுந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் பின்வரிசையில் இன்னொருத்தியும் நின்றுகொண்டிருந்தாள்.

பல வருடங்கள் கழித்து, நான் கண் பரிசோதிக்கும் அறைக்குள் டீச்சர் வந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கோ பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, எதிர்ப் பலகையில் இருப்பதிலேயே பெரிய எழுத்தைப் படிக்கச் சொன்னேன்.

"பலகை எங்கம்மா இருக்கு?"

"எப்போலேர்ந்து இப்படி?"

"சின்ன வயசுலேர்ந்தே. இதைக் கழட்டிட்டா எதிர்ல இருக்கறது ஆளா தூணான்னுகூடத் தெரியாது."

நான் சத்தமில்லாமல் கதவருகே போய்த் தண்ணீர் குடித்தேன். அந்த வகுப்பு அப்போதுதான் விட்டதுபோல் இருந்தது. டீச்சர் பழையபடி முகத்தை நிமிர்த்தினார்.

"குரலைக் கேட்டப்பவே நினைச்சேன். நீ யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார், ஆணியில் தொங்கிய என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து.

கோட்டு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.