கண்ணை மூடாதே

நாலாவது படத்திலும் யாரோ கண்ணை மூடியிருந்தார்கள்.

போட்டோகிராபர் கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். இந்த முறை வகுப்புத் தலைவி.

"வெயில் கண்ணுல அடிச்சிருச்சுண்ணா," என்றாள் அவள்.

அவருக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. இந்த வாரத்தில் இது ஒன்பதாவது பள்ளிக்கூடம். தோள்பட்டை விட்டுப்போயிருந்தது.

முதல் படத்தில், எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடும் நெட்டைப் பையன். இரண்டாவதில் ஒரு தும்மல். மூன்றாவதில் ஒரு கண்ணாடிக்காரி. போதாக்குறைக்கு, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பழங்கதை. இன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளைகள் அல்லவா. ஒன்பதாம் வகுப்பில் ஒட்டகம் ஜன்னல் வழியாகக் குதித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது, டஸ்டரால் நாலு போட்டால்தான் சுற்றுகிற மின்விசிறி, ஒற்றைக் கண்ணாடிக் குடுவை உடைந்ததற்கு வகுப்பே முட்டி போட்டது. ஒருத்தர் ஆரம்பிக்க, இன்னொருத்தர் முடிக்க, வரிசை கலைந்துவிடும். மறுபடி நிறுத்தப் பத்து நிமிஷம்.

நடு நாற்காலியில் ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம். காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் படத்தில். யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் ஒட்டு வேலையும் கூடாது. ஒரே படம், சுத்தமாக இருக்க வேண்டும்.

போட்டோகிராபரின் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மனைவி. பதினோரு மணிக்குள் வராவிட்டால் எதிர்க்கடை போட்டோக்காரனைக் கூப்பிட்டுவிடுவோம் என்று அடுத்த பள்ளிக்கூடத்து கிளார்க் சொல்கிறாராம். ஊரிலேயே பெரிய பள்ளிக்கூடம் அது. ஐந்து தரம் நடையாய் நடந்து, பேரம் பேசிப் பிடித்த வேலை. மணி இப்போதே பத்தரையைத் தாண்டியிருந்தது.

அவர் நேரே ஹெட்மாஸ்டரிடம் போனார்.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இதுங்க விளையாட்டுல என் பொழப்பு போகுது."

ஹெட்மாஸ்டர் எழுந்து பின்னால் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"இனிமே யார் கண்ணு மூடியிருந்தாலும், அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்துதான் சர்டிபிகேட் வாங்கணும்."

பழங்கதை நின்றது. சிரிப்பு நின்றது. போட்டோகிராபர் ஓடிப்போய் ஐந்தாவது படத்தை எடுத்தார்.

அதைத் திரையில் பார்ப்பதற்குள் கேட் கிறீச்சிட்டது. ஒரு பெண் ஓடி வந்தாள். தலை ஈரம் காயவில்லை. ஒரு பக்கச் சட்டைக் கை முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. "செகண்ட் பீரியட் வந்துட்டா," என்று வரிசைக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

இவளுக்கு இன்றைக்கு நல்ல அர்ச்சனைதான் என்று நினைத்தார் போட்டோகிராபர். ஹெட்மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இவர் இன்னும் முடிக்கலையாம். போய் நில்லு."

ஐந்தாவதே சரியாக வந்திருக்கும் என்று இவர் வாயெடுத்தார். சந்தேகத்துக்கு இன்னொன்று எடுத்துவிடுங்கள் என்றார் ஹெட்மாஸ்டர். மல்லுக்கட்ட நேரமில்லை. எடுத்தார். ஒரு கண்கூட மூடவில்லை. படம் பளிச்சென்று இருந்தது.

ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தபோது வகுப்புத் தலைவி வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்குங்கண்ணா. வேணும்னுதான் மூடினோம். முறை போட்டு."

"என்னது?"

"அவளுக்காகத்தாண்ணா. அவ அப்பா படுத்த படுக்கை. அம்மா ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி முடிச்சு வந்தப்புறம்தான் இவ கிளம்ப முடியும். மூணு வருஷமா ரெண்டாவது பீரியடுக்குத்தான் வருவா. முதல் பீரியட்ல என்ன நடத்துனாங்க, யாரு அடி வாங்கினான்னு தினம் ஒருத்தர் சொல்லணும். அதுக்கு ஒரு முறை வச்சிருந்தோம். அதே முறைதான் இன்னைக்கும்."

"இதை உங்க ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"நேத்தே ரெண்டு தடவை கேட்டோம். ஒருத்தருக்குத் தளர்த்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க, முடியவே முடியாதுன்னுட்டார்."

கல்லு, என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பாதி வழியில் மனைவி மறுபடி கூப்பிட்டாள். எதிர்க்கடைக்காரன் போய் ஸ்டாண்டே போட்டுவிட்டானாம். "வீட்டுக்கு வந்துருங்க," என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வண்டியை ஓரம் கட்டினார். காலையிலிருந்து வராத கோபம் இப்போது மொத்தமாக வந்தது. பிள்ளைகள் பாசத்துக்கு இவர் வயிற்றிலா அடிப்பது? எல்லாம் அந்த மனுஷனால் வந்தது. நேற்றே சரியென்று நேரத்தைத் தள்ளி வைத்திருந்தால், அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தை முதலில் முடித்துவிட்டு இங்கே வந்திருக்கலாம், இந்தக் கூத்தே கிடையாது. மூடின கண்களையெல்லாம் வரிசையாக அவருக்கே அனுப்பி, உங்கள் பிடிவாதத்தால் எனக்கு ஒரு பள்ளிக்கூடம் போச்சு, பதில் சொல்லுங்கள் என்று கேட்டே தீருவதென்று கேமராவை எடுத்து மடியில் வைத்தார்.

முதல் படம், ஒட்டகம். இரண்டாவது, தும்மல். மூன்றாவது, கண்ணாடிக்காரி. நாலாவது, வகுப்புத் தலைவி.

ஐந்தாவதில், மிரட்டலுக்குப் பயந்து, பிள்ளைகள் அத்தனை பேரும் முட்டைக்கண் போட்டு விழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் இமைக்கவில்லை. நடு நாற்காலியில் ஹெட்மாஸ்டர் மட்டும் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.