நிலாவில் உறைந்த குழம்பு

"ஏனுங்க ரிஃபானா, நிலாவுல அங்கங்க கறுப்பாத் தெரியுதே, அதென்னங்க?"

எதிரே உட்கார்ந்திருந்த கீதா கேட்டார். முடிவு சொல்ல வேண்டியவர் செங்கோட்டையன். அவர் பின்னால் இருந்தார், முகம் தெரியவில்லை.

ரிஃபானா சிங்காநல்லூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய்க் கல்லூரியில் ஜியாலஜி நடத்துகிறவள். தொண்ணூற்றாறில்தான் வேலை நிரந்தரமானது. இன்று வாய் குழறினால் இனி வகுப்பில் நிற்கவே முடியாது. வெளியே கணவர் ரசாக் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார்.

"எரிமலைக் குழம்புங்க. விண்கல் மோதிப் பெரிய பெரிய பள்ளம் விழுந்துச்சு. பிற்பாடு நிலாவுக்குள்ள சூடேறி, பாறை உருகி, வெடிப்பு வழியா மேல வந்து பள்ளத்தையெல்லாம் ரொப்பிப்போடுச்சு. ஆறினதும் பசால்ட் கல்லாயிருச்சுங்க."

"உள்ள சூடு எப்படிங்க வந்துச்சு?"

"யுரேனியம் மாதிரி கதிர்வீச்சுப் பொருளெல்லாம் உள்ள இருக்குதுங்க. அதுக கக்குற சூடுதான்."

"நம்மூர்க் கல்லுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? நிறுத்தாமச் சொல்லுங்க."

"தண்ணிதானுங்க. நிலாக் கல்லுல ஈரமே இல்லை. அத்தனை கோடி வருசமாகியும் நேத்து ஒடைச்ச கல்லாட்டம் இருக்கும்."

"அதுல என்னென்ன கலந்திருக்குது?"

"பைராக்ஸீன், ஃபெல்ஸ்பார், ஆலிவின்... அப்புறம் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த அந்த... அந்த..."

பெயர் வரவில்லை. அந்தக் கறுப்புக் கனிமம் கண்ணுக்குள் பளிச்சென்று நிற்கிறது. சொல் மட்டும் எங்கோ போய்விட்டது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணோரம் நீர் வழிந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் செங்கோட்டையன்.

கீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரமில்லீங்க அம்மணி. மறுபடி சொல்லிப் பாருங்க."

"இ... இல்... இல்மனைட்! இல்மனைட்டுங்க!"

அவ்வளவுதான், அடைப்பு திறந்துகொண்டது. எந்தக் கனிமம் முதலில் உறையும், எது கடைசியில் உறையும் என்று மடமடவென்று கொட்டித் தீர்த்தாள். வகுப்பில்கூட இத்தனை சரளமாகப் பேசியதில்லை.

"போதுமுங்க, பாஸாயிட்டீங்க!" பின்னாலிருந்து செங்கோட்டையனின் குரல் சிரித்தது. "மூளையிலிருந்த கட்டி மொத்தமும் வந்துருச்சு. நீங்க முழிச்சிருந்து பேசப் பேசப் பார்த்து வெட்டுனதால பேச்சுக்கு ஒரு பழுதும் இல்லை. கீதா, மயக்க மருந்து குடுங்க, மண்டையோட்டை மூடிப்போடலாம்."