லோனில் போனவன்

"அவன் வேணாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் பேனாவை மேசைமேல் வைத்தேன்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் பிச்சாட்டூர் ஃபுட்பால் கிளப்புக்கு நான்தான் பிரசிடெண்ட். பத்து மாதம் முன்பு புத்தூர் கிளப்புக்கு லோனில் அனுப்பிய யஸ்வந்தைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி கடுதாசி தயாராக இருந்தது. எழுதியது செயலாளர் நளினி டீச்சர். அன்று சாயந்திரத்துக்குள் அது போய்ச் சேராவிட்டால் அவன் புத்தூருக்கே நிரந்தரமாகிவிடுவான்.

"எருமைக்கு லோன் குடுப்பாங்க, தெரியும். ஆளையே லோன்ல குடுத்தது நம்ம கிளப்புதான்" என்றார் கமிட்டியில் இருக்கும் கோவர்த்தனன். "குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்றது நீ ஒருத்தன்தான்யா."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"நகரியில நடந்த மேட்சுல நமக்கு எதிராவே ரெண்டு கோல் போட்டானே, மறந்துட்டீங்களா? போட்டுட்டு என் பக்கம் திரும்பிக் கும்பிடு வேற போட்டான். எவ்ளோ கொழுப்பு இருக்கணும்."

கதவோரம் நின்றிருந்த என் மகன் பிரவீன் வாயைத் திறந்தான்.

"நைனா, நான் அடுத்த வாரம் ஜில்லா கேம்ப்புக்குத் திருப்பதி போறேன். பொங்கல் மேட்சுல முன்னாடி நின்னு யாரு ஆடுவா?"

"ஹரிபாபு ஆடட்டும்."

"ஹரிபாபுவா? பந்து வந்தா வழி விட்டு நிப்பான். அவ்ளோ மரியாதை தெரிஞ்சவன்" என்றார் கோவர்த்தனன்.

"யஸ்வந்த் இல்லாமத்தானே இந்த வருஷம் ஆடினோம்? என் பையன் ஆறு கோல் போடலியா? ஜில்லா டீம்ல எடுக்கலியா? யஸ்வந்த் இருந்தாத்தான் கிளப்புன்னு யாரும் சொல்ல வேணாம்."

"அவன் ஏன் போனான்னே எனக்குத் தெரியாது நைனா. கேட்டா சிரிச்சிக்கினே போயிட்டான்."

"எனக்குத் தெரியும். எழுதியே குடுத்துட்டுப் போனான். நம்ம கிளப்பு சரியில்லியாம். நான் தலைவனா இருக்கிற வரைக்கும் இங்க ஆட மாட்டானாம். பத்து மாசமா சொல்லிக்கினு இருக்கேன், யாரு காதுல வாங்கினீங்க?"

"நீ சொல்லித்தான் கேட்டிருக்கோம். கடுதாசிய யாரு பார்த்தது? எங்க, காட்டு" என்றார் கோவர்த்தனன்.

கிளப்பின் தகரப் பெட்டியில் ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் அதை வைத்திருந்தேன். எடுத்து மேசைமேல் போட்டேன்.

நளினி டீச்சர் பிரித்து மனசுக்குள் படித்தார். ஒரு பக்கம்தான். ஆனால் படித்து முடிக்க வெகு நேரம் ஆனது. நிமிர்ந்து பிரவீனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இதைச் சத்தமாப் படிக்கட்டுமா?"

"படிங்க டீச்சர். அவன் யோக்கியதைய எல்லாரும் கேக்கட்டும்."

டீச்சர் தெலுங்கில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"மாமா, நான் இருக்கிற வரைக்கும் பிரவீன் வெளியேதான் உட்கார வேண்டியிருக்கும். ஜில்லா செலக்‌ஷனுக்குப் போக அவனுக்கு இதுதான் கடைசி வருஷம். அப்புறம் வயது தாண்டிவிடும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது. அதனால்தான் புத்தூர்க்காரர்கள் கேட்டதும் சரி என்றேன். அவனுக்குச் சொல்லாதீர்கள். தெரிந்தால் ஆட மாட்டான். சீசன் முடிந்ததும் ஒரு வார்த்தை கூப்பிடுங்கள், ஓடி வந்துவிடுகிறேன்."



பிரவீன் என் முன்னால் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"இதைப் படிச்சிட்டா நைனா அவனை ஊரெல்லாம் திட்டிக்கினு இருந்தே?"

படித்தேன் என்றால் பாவி. படிக்கவில்லை என்றால் பொய்யன். இரண்டில் ஒன்றாக எல்லார் முன்னாலும் நிற்க வேண்டியிருந்தது.

"படிக்கல" என்றேன். "எனக்குத் தெலுங்கு எழுத்து வராது. பேச வரும், கேட்டா புரியும், அவ்ளோதான். மூணாவதோட நின்னவன் நான், அதுவும் தமிழ் ஸ்கூலு."

"அப்போ நீங்க சொன்னதெல்லாம்?" என்றார் டீச்சர்.

"இப்படித்தான் எழுதியிருப்பான்னு நானா நினைச்சேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

எட்டு வருஷமாக இந்த அறையில் தெலுங்குக் காகிதங்களைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டு வந்தவன் நான். எதற்கும் சிரிக்கிற கோவர்த்தனன்கூட அன்றைக்குச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பேனாவை எடுத்தேன். டீச்சர் விரல் வைத்த இடத்தில் தமிழில் ஏகாம்பரம் என்று எழுதினேன். கோவர்த்தனன் கடுதாசியை வாங்கிக்கொண்டு புத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

பிரவீன் மட்டும் நகரவில்லை.

"குடுத்த அன்னிக்கே டீச்சர்கிட்ட காட்டியிருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்குமே நைனா. அது உனக்குத் தோணலியா? யாராவது சொல்லவாவது கூடாதா?"

சொன்னான். யஸ்வந்த்தான் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நிற்கும்போது கடுதாசியை என் கையில் கொடுத்து, "மாமா, நளினி டீச்சரைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றான்.

பத்து மாதமாக நான் அவனை மன்னிக்காமல் இருந்தது அந்த ஒரு பேச்சுக்காகத்தான்.