‘நீக்கு’ பட்டன்

வில்லாபுரத்தில் தமிழ்வாணி நடத்தும் திருமணத் தகவல் மையத்துக்குக் கம்ப்யூட்டரில் வரன் பட்டியல் செய்துகொடுத்தவர் பாண்டிராஜ். பெயரைக் கிளிக் செய்தால் விவரங்கள் தனிப் பெட்டியாகத் திறக்கும். அதன் டூல்பாரில் ‘நீக்கு’ பட்டன் மட்டும் இல்லை.

“ஆறு மாசமாக் கேக்குறேன். இன்னைக்குத்தான் மனசு வந்துச்சாண்ணே?” என்று சிரித்தாள் தமிழ்வாணி.

பாண்டிராஜ் பட்டனைச் சேர்த்தார். வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் மகள் முத்துமீனாவின் பெட்டியைத் திறந்தார். படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நீக்கினார்.

“அட, மீனாவுக்கு அமைஞ்சிருச்சா! ஒரு வார்த்தை சொல்லலையே? பத்திரிகை எங்கண்ணே?”

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது கருமாதிப் பத்திரிகை.

“வரன் கேட்டு இன்னமும் போன் வருதும்மா. எடுக்குறது அவளைப் பெத்தவ.”