வாங்காத உருண்டை

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சிதும்மா" என்றார் ஞானமதி மேடம். இதய ஆபரேஷனில் ரத்தத்தை ஓட்டும் மிஷினைப் பார்ப்பவர்.

அம்சவள்ளிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. காலையில் உள்ளே போன புருஷன் சகாயராஜ் பிழைத்துவிட்டான்.

"நாலஞ்சு தடவ உள்ளேருந்து ரத்தம் எடுத்துக்கினு நர்ஸ் ஓடினாங்களே, எதுக்குங்க?"

"இதயத்தை நிறுத்தி, உடம்பை ஐஸ் மாதிரி குளிர வெச்சோம். அப்ப ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சா மூளைக்கு ரத்தம் சரியா போவாது. அதான் குடுத்தனுப்பி அளந்து அளந்து பார்த்தேன். காலைல முழிச்சு உங்கள அடையாளம் தெரிஞ்சிக்கினா மூளை தப்பிச்சிதுன்னு அர்த்தம். எந்த ஊரும்மா?"

"கண்டமங்கலம் காலனிங்க."

சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து நீட்டினாள். வீட்டில் வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை.

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே இருட்டியிருந்தது.

"இப்ப வேணாம்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வந்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே இறங்கிப்போனது.

"பாத்தியா மலரு? காலனின்னதும் வேணாம்னுட்டாங்க."

"உசிரக் காப்பாத்தினாங்களே, வுடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார் மலர்விழி.

"அதுக்குக் கையெடுத்துக் கும்புடுறேன். ஆனா மனசு ஆறல" என்று டப்பாவை அழுத்தி மூடினாள்.

விடிந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். சகாயராஜ் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான்.

"இவங்க யாருங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"அம்சா" என்றான். பிறகு மெதுவாக, "ஆட்டுக்குத் தழை போட்டியா?"

அம்சவள்ளி சிரித்துக்கொண்டே அழுதாள்.

வெளியே வந்தால் ஞானமதி மேடம் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கே போகவில்லை போலிருக்கிறது, முகம் வாடிக் கிடந்தது.

"அடையாளம் தெரிஞ்சுதா?"

"ஆட்டைக்கூட மறக்கலைங்க மேடம்."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். அப்படியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த உருண்டை இருக்குதாம்மா?"

அம்சவள்ளி ஒன்றும் புரியாமல் டப்பாவைத் திறந்தாள்.

"நாங்க மேல்சித்தாமூர் ஜைனருங்க. பொழுது சாய்ஞ்சா எதுவும் சாப்புட மாட்டோம். நேத்து மிஷினை வுட்டு நகர முடியல, பகல்லயும் பட்டினி."

அவரே கையை விட்டு இரண்டு உருண்டை எடுத்துக்கொண்டார்.

"ராத்திரி பூரா இதைத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."